பந்து யார் பக்கம்

ஜனவரி 19, 2025

சிதம்பரத்தில் தங்கை அமிர்தம் வீடு கட்டி முடித்துவிட்டாள். பிப்ரவரி பத்தாம் தேதி புதுமனை புகுவிழா. அழைப்பிதழ் வந்தது, வாட்ஸ்அப்பில் ஒரு படமாக. கீழே, “அக்கா, அவசியம் வரணும்.” கூடப் பிறந்தவளை நேரில் வந்து அழைக்க வேண்டாமா?

ஆங்கிலத்தில் பதில் அனுப்பினேன்: தி பால் இஸ் இன் யுவர் கோர்ட். பந்து உன் பக்கம் இருக்கிறது, இனி ஆட வேண்டியது நீதான் என்று பொருள். அவளும் என்னோடு கான்வென்ட்டில் படித்தவள். புரியும்.

ஜனவரி 22

இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை.

ஜனவரி 30

இன்றும் இல்லை. பட்டுப்புடவையை எடுத்து நிழலில் காயப்போட்டேன். போவதற்காக அல்ல, பூச்சி அரிக்கக் கூடாதே.

அவர் இருந்தால் “விடேன்” என்பார். சுவரில் படமாகியும் அதே முகத்தோடுதான் பார்க்கிறார்.

பிப்ரவரி 5

எதிர்வீட்டு சுப்புராயன், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், கொத்தமல்லி கொடுக்க வந்தார். தங்கை வீட்டு விசேஷத்துக்கு எப்போது கிளம்புகிறேன் என்றார். நடந்ததைச் சொன்னேன், அந்த வாக்கியத்தையும் அதன் பொருளையும் சேர்த்து.

“அவுங்க கூப்ட்டாங்கல்ல? அப்ப பந்த போட்டது அவுங்க. உங்க பக்கம் வுழுந்து பதினேழு நாளாவுது.”

“மோசமாகப் போட்டாள், மாஸ்டர்.”

“மோசமா போட்டாலும் கோட்டுக்குள்ள வுழுந்துட்டா ஆடித்தாங்க ஆவணும்.”

பள்ளியில் நாங்கள் ஆடிய டென்னிகாய்ட்டில் வந்த வளையத்தைப் பிடித்துத் திருப்பி எறியாமல் கையிலேயே வைத்திருந்தால் ஃபவுல். அதைச் சொல்லிச் சொல்லி அமிர்தத்தை அழவைத்தவள் நான். ஊரார் ஆங்கிலத்தையெல்லாம் திருத்துகிறவள், நானா இப்படித் தலைகீழாக —

கொத்தமல்லி வாடியிருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 9

மத்தியான ரயில். பரங்கிப்பேட்டை தாண்டிவிட்டது, ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? திருப்பட்டும். நான் கோட்டுக்குள்தான் போடுகிறேன்.

பிப்ரவரி 10

நேற்று நான் வந்து இறங்கியபோது அமிர்தம் வாசலில் நாற்காலியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. கொழுப்பு என்று நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த வாக்கரைப் பார்த்தேன்.

“எப்பத்துலேந்துடி?”

“தீபாவளிலேந்து. முட்டி போயிடுச்சு.”

“சொல்றதுக்கென்ன?”

“இதப் புடிச்சிக்கிட்டு உன் வாசல்ல வந்து நிக்கவா? நேரா நில்லுடிம்ப.”

சொல்லியிருப்பேன்.

சற்று நேரம் கழித்துக் கேட்டாள். “அந்த இங்கிலீஷு தப்புதானேக்கா?”

“தப்புதான்.”

அவள் சிரித்த சிரிப்புக்குக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

விழா இன்று நன்றாக நடந்தது. அழைப்பிதழில் இரண்டு எழுத்துப்பிழை. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

இன்னும் சிதம்பரத்தில்தான். காலையில் அவளைத் தெருமுனை வரை நடக்கவைத்தேன். நேராக நில் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.