எலி சொன்னால் கேட்பார்கள்

இன்று காலை எலி அறையில் ஒரு கூண்டின் தண்ணீர் பாட்டில் ஒழுகிவிட்டது. கூண்டுக்குள் பரப்பிய உமி முழுக்க ஊறி, கதவைத் திறந்ததுமே புளித்த வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடை பட்டால் உனக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. "ஏளா, எந்தக் கூண்டோ தண்ணியில்லாம கெடக்கு, போய்ப் பாரு" என்று வராந்தாவில் நின்றே என்னை விரட்டுவாய். இன்று விரட்ட நீ இல்லை. உனக்குப் பதிலாக, எலிகளை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வந்த அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர் குனிந்து கூண்டைப் பார்த்தார். காலி பாட்டிலின் கீழே பெண் எலி ஒன்று மூக்கைத் தூக்கிக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நேரமா இது தண்ணி இல்லாம இருக்கு, டாக்டர்?" என்று கேட்டார். ராத்திரி ஒழுகியிருக்கும் என்றேன். "இது பெரிய குறை. ஒரு உயிர் தாகத்தோட இருக்கக் கூடாது. நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். எழுதினார். அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அவர் முன்னாலேயே பாட்டிலை மாற்றி, புது உமி போட்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று சொன்னால் புரிந்துகொள்ள உன்னைத் தவிர ஆளில்லை. அதனால்தான் நீ போய் இத்தனை நாள் கழித்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். நான் நாசரேத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர். நீ வேம்பார்க்காரி, உப்பளத்தில் உப்பு வாருகிறவளின் மகள், சிறுநீரக ஆராய்ச்சிக்காரி. உன் அம்மாவிடம் என்னை முதலில் அறிமுகம் செய்துவைத்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எலிக்கெல்லாமா டாக்டரு வச்சிருக்காவ?" என்று கேட்டார். நீ அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் உன்னைப் பார்த்ததில்லை. காலையில் நிரப்பிக் கொண்டுவருவாய், சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுபோவாய். தூத்துக்குடி வெயிலில் வெளியே போய் வந்தாலும் ஒரு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி. உன் மேசையிலிருந்து நாலு எட்டில் கழிப்பறை இருந்தது. திட்டினால், "பழகிட்டுளா" என்பாய். எங்கே பழகியது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதை வேம்பாருக்குப் போனபோதுதான் பார்த்தேன். உப்பளத்து ஆட்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று ஊரில் பேச்சு இருந்தது. அதை ஆராய வேண்டும் என்று நீ கிளம்பினாய், துணைக்கு நானும் கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்தேன். கண் கூசும் வெள்ளை. ஒரு புதர் இல்லை, ஒரு சுவர் இல்லை, பார்த்த இடமெல்லாம் பாத்தியும் வரப்பும்தான். ஆண்கள் சற்றுத் தள்ளிப் போய் வரப்போரமாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். பெண்கள் எங்கே போவார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

"போறதில்ல. விடியமுன்ன வீட்டுல போயிட்டு வாறது. பெறவு வீட்டுக்குப் போயித்தான்."

"அதுவரைக்கும் எப்படி அடக்குவீங்க?"

"அடக்க என்ன இருக்கு? குடிச்சாத்தான வரும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இது கூடத் தெரியாத டாக்டர் என்று நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் நீயும் அங்கேதான் வேலை செய்திருக்கிறாய், கல்லூரி விடுமுறையிலும். வயசுக்கு வந்த பெண் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனால், "ஏளா, குடிச்சிட்டு எங்கன போவ?" என்று மற்றவர்கள் அக்கறையாகவே தடுப்பார்களாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையெல்லாம் சொன்னாய். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்வது போலச் சொன்னாய். எனக்குத்தான் யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் உன் திட்டம் உருவானது. மனிதர்களை வெயிலில் நிறுத்தி, தண்ணீரை மறுத்து, அவர்கள் சிறுநீரகத்தை அறுத்துப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் நோயின் ஒரு சின்ன நகலை எலியில் உண்டாக்குகிறோம், தட்டில் வளர்க்கும் செல்லில் உண்டாக்குகிறோம். முதலில் நீ செல்களைப் பார்த்தாய். சூட்டையும் உப்பையும் கூட்டினால் சிறுநீரகச் செல்கள் வாடுவது தெரிந்தது. ஆனால் தட்டில் கிடக்கும் செல்லுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தாகம் கிடையாது. அதனால் எலிக்கு வந்தாய். "மாதிரின்னா மாதிரிதான். நாம கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். கேக்காதத அதுவாச் சொல்லாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாய். நீ கேட்க நினைத்த கேள்வி எளிமையானது. பெண் எலிகளைச் சூடான அறையில் வைத்து, பகலில் மட்டும் பாட்டிலை எடுத்துவிட்டால் நாளடைவில் அவற்றின் சிறுநீரகம் என்ன ஆகும்?

பாட்டிலை எடுக்க வேண்டியவள் நான். எனக்கு அது பிடிக்கவில்லை, உன்னோடு சண்டை போட்டேன். "ஒரு கக்கூஸ் கட்டினா முடிஞ்சிது. அதுக்கு எதுக்கு எலியப் போட்டு வதைக்கணும்?" என்று கேட்டேன். உனக்கு எலிகள் மேல் என்னைவிடப் பிரியம், அது எனக்குத் தெரியும். "ஏளா, பொம்பள சொன்னா கேக்க மாட்டாவ. எலி சொன்னா கேப்பாவ" என்றாய். எடை குறைந்தால் உடனே நிறுத்துவது, எந்த எலியும் துவளும்வரை விடாமல் இருப்பது என்று நிபந்தனைகள் எழுதி நானும் உன்னோடு நின்றேன்.

எலி ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் உன் திட்டத்தை வைத்தோம். ஏசி அறை. ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வைப்பது கொடுமை என்றார் ஒருவர். அது நியாயமான பேச்சு, அதற்கு நாம் தயாராக இருந்தோம். நம் ஆய்வக இயக்குநர் சொன்னதற்குத்தான் யாருமே தயாராக இருக்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொடுமைங்கறது ஒரு பக்கம். அடிப்படையே இடிக்குதேம்மா. தாகம் எடுத்தும், பக்கத்துல தண்ணி இருந்தும், எந்த மனுஷனும் பகல் முழுக்கக் குடிக்காம இருக்க மாட்டான். நடப்புல இல்லாத ஒன்ன எலியில செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

"சார், நான் இருந்திருக்கேன்" என்றாய் நீ. "எங்க அம்மா இன்னைக்கும் இருக்கா."

கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். இயக்குநர் புன்னகையோடு, "அதெல்லாம் சென்டிமென்ட்மா. சயின்ஸ் பேசுவோம்" என்றார். பேசினார்கள். ஆண் எலி போதும், பெண் எலி என்றால் ஹார்மோன் ஏற்ற இறக்கமெல்லாம் வந்து கணக்குக் குழம்பும் என்றார்கள். குளிர்ந்த அறை, எந்நேரமும் தண்ணீர். சிறுநீரகம் கெடுவதற்கு வழக்கமான மருந்து ஊசி. நீ அதையும் செய்தாய், வேறு வழி உனக்கு விடவில்லை. கட்டுரை வந்தது. அதில் உப்பளம் இல்லை, வெயில் இல்லை, பெண் இல்லை. ஆய்வகத்தின் நுழைவாயிலில் மட்டும், தலையில் கூடையோடு ஒரு பெண் உப்பளத்தில் நடக்கும் பெரிய படம் ஒன்றை மாட்டினார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் நீ வேம்பாரை விடவில்லை. அங்குள்ள பெண்களிடம் சம்மதம் வாங்கி, அவர்களின் சிறுநீர் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தாய். சிறுநீரகத்தில் அடிபட்டால் சிறுநீரில் இறங்கும் புரதம் ஒன்றைக் காட்டும் கிட் ஒன்று வைத்திருந்தாய்; அதன் தட்டில் ஆளுக்கொரு சின்னக் குழியில் மாதிரியை ஊற்ற வேண்டும். அடிபட்டவர்களின் குழி மஞ்சளாகும், மற்றவர்களின் குழி வெளிறிக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவருடைய மாதிரி வேண்டும். நம் ஆய்வகத்தில் அதற்கு யார் வெளியே போய் ஆள் தேடுகிறார்கள்? செய்கிறவரே தன்னுடையதை வைத்துவிடுவது வழக்கம். நீயும் உன்னுடையதை 'நார்மல்' என்று எழுதி முதல் குழியில் வைத்தாய்.

வேம்பார் பெண்கள் பலருடைய குழிகள் மஞ்சளாயின. உன்னுடையது எல்லாவற்றையும்விட மஞ்சளாக இருந்தது. "கிட் கெட்டுப்போச்சு" என்றாய். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த முடிவுகளைத் தள்ளிவிட்டு, புது கிட் வரவழைத்து, இந்த முறை என்னுடையதையும் பக்கத்தில் வைத்தாய். என் குழி வெளிறிக் கிடந்தது. உன்னுடையது மறுபடி மஞ்சளானது. அந்தத் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ஏளா, நான் நார்மல்னு யாரு சொன்னா?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நோயில்லாத ஆள் என்றால் யார் என்று கேட்டால் படித்தவள், வெள்ளைக் கோட்டுக்காரி என்றுதான் நீயே நினைத்திருந்தாய். உப்பளத்திலிருந்து வந்துவிட்டோம் என்று உன் மூளைக்குத் தெரிந்திருந்தது, உன் சிறுநீரகத்துக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் அந்த டாக்டர், "நீங்களே சயின்டிஸ்ட், தண்ணி குடிக்கத் தெரியாதா?" என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன், நீ என் கையைப் பிடித்து அடக்கினாய். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். "மறைவும் கெடச்சு, தண்ணியும் கெடச்ச பெறவு குடிக்கக் கூடாதுங்காவ" என்றாய். உனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு இல்லை. உன் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. உலகத்துக்கெல்லாம் வழக்குப் பேசினாய், உன் கையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடிக்கவில்லையே. உப்பளம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று நீ இப்போதும் என்னைத் திருத்துவாய். வேறு காரணமும் இருக்கலாம் என்பாய். இருக்கட்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ கேட்டாய், அதைத்தானே அவர்கள் மறுத்தார்கள்.

நடக்க முடிந்த கடைசி நாட்களில் நீ செய்த வேலையை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்க்க முடியும். உன் சம்மதத்தாளில் நீயே கையெழுத்துப் போட்டு, உன் செல்களை நீயே வளர்த்து, சின்னக் குப்பிகளில் அடைத்து உறையவைத்தாய். "நான் இல்லாட்டியும் இதுககிட்ட கேளு" என்றாய். அந்தக் குப்பிகளை உறைநிலையில் வைக்கும் திரவ நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது இப்போது என் பொறுப்பு. குறைந்தால் மணி அடிக்கும், ஆள் ஓடிவரும். ஒதுங்க ஓர் இடம் இல்லாததால் நீ வராமல் பார்த்துக்கொண்ட அதே சிறுநீருக்கு இங்கே பூட்டுப் போட்ட பெட்டி, தனி அறை, காவல்.

அந்த அதிகாரி இன்று கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். உப்பளத்துப் பெண்ணின் அந்தப் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினேன்.

"சார், ஒரு உயிர் தாகத்தோட இருக்கக் கூடாதுன்னு எழுதுனீங்கல்லா. வேம்பார் பஸ்ஸு இந்தப் பக்கமாத்தான் போகுது. அங்கனயும் ஒரு தடவை வந்து எழுதுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது என் டிபார்ட்மென்ட் இல்லையே, டாக்டர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை. எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

உன் திட்டத்தை மறுபடி கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் கூட்டம். பெண் எலிகள், சூடான அறை, பகலில் பாட்டில் இல்லை. இன்னொரு வரிசையும் சேர்த்திருக்கிறேன்: அதே சூடு, ஆனால் பாட்டில் எப்போதும் உண்டு. அந்த வரிசையின் சிறுநீரகம் தப்பித்தால், ஒரு கதவும் நாலு சுவரும் என்ன செய்யும் என்று எலி சொன்னதாக ஆகும். அதற்கு முன் உறைந்து கிடக்கும் உன் செல்களை எழுப்பிக் கேட்கப்போகிறேன். பாட்டிலை நான்தான் என் கையால் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கழிப்பறையின் அவசியத்தை நிரூபிக்க என்னை இதைச் செய்யவைக்கிறார்களே என்று ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டேதான் எடுப்பேன்.

கூட்டத்தில் என் முன்னால் வைக்கிற பாட்டிலைத் திறந்து எல்லோரும் பார்க்க முழுக்கக் குடிப்பேன். "எந்த மனுஷனும்" என்று இயக்குநர் மறுபடி ஆரம்பித்தால், நடுவிலேயே எழுந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் ஒவ்வொரு முறையும் நீ நினைவுக்கு வருகிறாய். அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.