அபின் சீட்டும் உன் இடுப்பு வலியும்

இன்று காலை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கற்பூர வாசமும் சோம்பு வாசமும் ஒன்றாக வந்தன. பக்கத்துக் கடைகளிலிருந்துதான். மலைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். உனக்காக சைக்கிள் பையில் ஒளித்துக் கொண்டுவந்த மருந்துக்கும் இதே வாசம்தான்.

கிணறு வெட்டும்போது பாறை சரிந்து உன் இடுப்பு முறிந்தது. எலும்பு கூடியது, வலி போகவில்லை. யாரோ கொடுத்த அபின் உருண்டையால்தான் மறுபடி எழுந்து நடந்தாய். அப்புறம் அது இல்லாமல் உனக்குப் பொழுது விடியவில்லை. பழக்கம் உள்ளவர்கள் பெயரைப் பதிந்தால் சர்க்கார் சீட்டுக்குக் கடையில் அளந்து தருவார்கள், வருஷா வருஷம் குறைத்து ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்று உத்தரவு வந்தது. நான் அப்போது புத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன்.

"பேரு எழுதினா ஊரே அபினிக்காரன்னு சொல்லும்டா. பொண்ணக் கட்டிக் குடுக்கணும் நானு" என்றாய்.

"திருட்டு அபினத் துன்னு சாவறதுக்கு இது மேலு" என்று இழுத்துப் போனது நான்தான்.

சீட்டு உனக்கு ஒத்துக்கொண்டது. அளவு குறையக் குறைய உருண்டையை நகத்தால் கிள்ளிப் பங்கு போட்டுக்கொண்டு, அரை நாள் வேலைக்காவது போனாய். பிறகு எல்லை பிரித்தார்கள். புத்தூர் ஆந்திராவில் நின்றது. உன் ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. கடைக்காரர் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "மீ ஊரு இப்புடு மாதி காதப்பா" என்றார். உன் ஊர் இனி அவர்களுடையது இல்லையாம். மெட்ராஸ் பக்கத்து ஆபீசில், புதிதாகப் பெயர் சேர்க்க மேலிடத்து உத்தரவு வேண்டும், மனு எழுதிக் கொடு என்றார்கள்.

அபின் நின்ற நாலாம் நாள் உன் மனைவி ஓடிவந்தாள். "ண்ணா, பேதி நிக்கல. கால ஒதைச்சிக்கினு கத்தறாரு. பூடுவாரு போலக்குது."

எங்கள் டாக்டரிடம் போய் நின்றேன். "அவன் நோயாளி இல்லய்யா, பழக்கக்காரன். அதுவும் வேற ராஜ்யம்" என்றார். அபினோடு கற்பூரமும் சோம்பு எண்ணெயும் கலந்த பேதி மருந்து ஒன்று அலமாரியில் இருந்தது. அன்றைக்கே அதைச் சின்ன சீசாவில் ஊற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். தினமும் வந்தேன், தினமும் சொட்டுகளைக் குறைத்தேன். பிடிபட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் உன்னிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது நீயே மருந்து வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாய்.

"போதும்டா. நாளைக்கி வராத. உன் வேலை பூடும்."

அத்தோடு நிறுத்தினாய். அந்தக் கடைசி நாட்களை எப்படித் தாண்டினாய் என்று நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து உன் மனுவுக்குப் பதிலாகப் புதுச் சீட்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு புத்தூருக்கு வந்து, நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றாய்.

"வாங்கிக்கட்டுமாடா?"

"பைத்தியமா உனக்கு? அவ்ளோ பாடுபட்டு வுட்டுட்டு?"

சீட்டை நாலாக மடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாய். அதற்குப் பிறகு நீ அபினைத் தொடவில்லை. கிணற்றிலும் இறங்கவில்லை. ஊர் உன்னை மெச்சியது. நானும் மெச்சினேன்.

உன் காரியத்தன்று உன் மனைவி சொன்னாள்: "அபின வுட்டதுலேந்து வலியில அவரு நீட்டிப் படுத்ததே இல்லண்ணா. சுவத்துல சாஞ்சி குந்திக்கினே இருப்பாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

உன்னை இழுத்துப் போய்ப் பெயர் எழுதவைத்தது தப்பா, அன்றைக்கு ஜன்னலில் நான் சொன்னது தப்பா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. வேலையில் இருந்த மீதி வருஷங்களில் சாராயம், கஞ்சா, ஊசி என்று எவன் வந்து நின்றாலும், எப்போது விடப் போகிறாய் என்று நான் கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.