ஒரே ஒரு குண்டு

அன்புள்ள நானா,

இன்று காலை ஒரு வெள்ளைக்கார அம்மையார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அறைச் சாவியைக்கூட வாங்காமல் விரலை நீட்டிக் காட்டினார். விரலில் ஒரு சந்திரகாந்தக் கல் மோதிரம். "இதை எனக்கு விற்ற மனிதர் எங்கே? கடற்கொள்ளைக்காரர் கதை சொல்வாரே, அவர்தான்" என்றார். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதற்கு ஆங்கில வார்த்தை எனக்குத் தெரியும்; ஆனாலும் முதலில் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கல்தான், நானா. நீங்கள் விற்ற எல்லாமே அப்படி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

கண்டிக் குளக்கரையில் உள்ள இந்த ஹோட்டலுக்கு நான் கிளார்க்காக வந்த நாளிலேயே உங்களைப் பார்த்தேன்; உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் நானா என்றே கூப்பிட்டேன். வராந்தாவின் கோடியில் பிரம்புக் கதிரை, முன்னால் ஒரு சின்ன மேசை, அதில் கறுப்பு வெல்வெட் துணி, துணியில் கற்கள். பக்கத்து ஊரான கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கித் துருக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்பீர்கள்: "என்ன தம்பி, இண்டைக்குப் பணக்காரன் யாரும் வந்து இரிக்கா?"

"வர்றப்ப எல்லாரும் பணக்காரங்கதான் நானா. உங்ககிட்ட பேசிட்டு எந்திரிக்கிறப்பதான் மாறிடுறாங்க" என்பேன். நீங்கள் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்.

கல் விற்கும் கெட்டிக்காரர்கள் கண்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் பிடித்த கப்பலில் இருந்து திரும்பி வந்தவர் நீங்கள் ஒருவர்தான். கொழும்புத் துறையில் இறங்கி, மலைநாட்டைப் பார்த்துவிட்டு மறுபடி சீனத்துக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறப் போகிறவர்கள்தான் எங்கள் விருந்தாளிகள். அந்தக் கடலில் கொள்ளைக்காரர்கள் பிரயாணிகளைப் போல ஏறி, நடுக்கடலில் கப்பலைப் பிடிக்கிறார்கள் என்று அப்போது பத்திரிகைகள் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தன. அவர்களுடைய பயம் உங்களுக்கு வியாபாரம். கதையின் முடிவில் கையை மேசையில் தட்டுவீர்கள். "பிறகு நேவிக் கப்பல் வந்தது. ஒரே ஒரு குண்டு! கொள்ளைக்காரன் எல்லாம் கையைத் தூக்கிவிட்டான்!" கேட்டவர்கள் கை தட்டுவார்கள். தட்டிய கையில் ஒரு கல்லை வைத்துவிடுவீர்கள்.

அந்தக் கதையில் உங்கள் மச்சான் வரவே மாட்டார். உங்களோடு கல் விற்கச் சீனத்துக்குப் புறப்பட்டவர், உங்கள் தங்கையின் கணவர். கொள்ளைக்காரன் கத்தியால் குத்தியதில் அவர் மௌத்தாகிவிட்டார் என்று கட்டுகஸ்தோட்டை முழுவதற்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். அவரைப் பற்றி வராந்தாவில் பேசாதது துக்கத்தால்தான் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

பிறகு அந்த நேவி ஆபீசர் வந்தார். இளைஞர், மெல்லப் பேசுகிறவர். நான் சாவியைக் கொடுத்தபோது நன்றி சொன்ன அபூர்வப் பிறவிகளில் ஒருவர். லீவில் வந்தவர் தேநீர் நேரத்தில் உங்கள் கதையை முழுவதும் கேட்டார். தாய்க்கு என்று ஒரு நீலக் கல்லையும் தேர்ந்தெடுத்தார். நீங்கள் அதைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இவர் சொன்னதுதான் மருந்து. நாங்கள் சுடத் தயங்கத் தயங்கத்தான் கொள்ளைக்காரர்கள் துணிகிறார்கள். நான் திரும்பவும் அந்தக் கடலுக்குத்தான் போகிறேன். இனி நாங்கள் காத்திருக்கப் போவதில்லை." பிறகு உங்கள் பக்கம் திரும்பினார்: " நீங்கள் அங்கே இருந்தவர், சொல்லுங்கள், அதுதானே சரி?"

உங்கள் கை நின்றுவிட்டது. வழக்கம்போல "யெஸ் சேர்" என்று சொல்லியிருந்தால் அந்த நாள் மற்ற நாட்களைப் போலப் போயிருக்கும். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசிய ஆங்கிலம் துண்டு துண்டாக இருந்தது. அதை இங்கே தமிழில் ஒட்டி எழுதுகிறேன்.

"சேர், நான் சொன்னது பாதிக் கதை. அவர்கள் எங்கள் எல்லோரையும் கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு மாலுமியை என் கண் முன்னாலேயே அடித்துப் போட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது எங்கள் பெட்டிகள்தான். அவர்களில் பாதிப் பேர் மீன் பிடிக்கிறவர்கள். கரை தெரியத் தொடங்கியிருந்தது. இறங்கிப் போயிருப்பார்கள். அப்போதுதான் உங்கள் கப்பல் வந்தது. நில் என்றது, அவர்கள் நிறுத்தவில்லை. அந்த ஒரே ஒரு குண்டு நாங்கள் இருந்த மண்டபத்துக்குள் வந்தது. என் தங்கை புருஷன் மூச்சு முட்டுகிறது என்று, குண்டு வந்த அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்லைப் பறித்தது கொள்ளைக்காரன். அவரைப் பறித்தது குண்டு."

ஆபீசர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். "அப்படியானால் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். "விட்டுவிடுவதா? இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பலைப் பிடிப்பார்களே."

"பின்னாலேயே போயிருக்கலாம் சேர். கப்பலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவர்களால் முடியாது. இறங்கத்தான் வேண்டும். எங்களை விட்டு இறங்கட்டும், பிறகு பிடியுங்கள். கப்பல் புறப்படும் துறையிலேயே மூட்டைகளை அவிழ்த்துப் பாருங்கள், கப்பலில் காவல் போடுங்கள். அதெல்லாம் மெதுவான வேலைதான். அடுத்த கப்பலில் வருகிறவனுக்காக இந்தக் கப்பலில் இருக்கிறவன் சாக வேண்டுமா? இவனும் ஒருத்திக்குப் புருஷன்."

ஆபீசர் கல்லுக்குரிய காசை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அன்று மாலையே மானேஜர் என்னைக் கூப்பிட்டு உங்கள் கதிரையை எடுக்கச் சொன்னார். விருந்தாளிகள் சந்தோஷமாக இருக்க வருகிறார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் மட்டும் கற்களைத் துணியில் முடிந்துகொண்டு, அமைதியாக வெளியே வந்து நின்றீர்கள்.

"தம்பி, பஸ்ஸுக்கு முந்தி இந்தக் கத ஊருக்குப் போயிரும். தங்கச்சிக்கு நான்தான் வாயால செல்லணும். நீயும் வா."

"ஏன் நானா இவ்வளவு நாள் மறைச்சீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"கொள்ளக்காரன் கத்தியால கொண்டுட்டான் எண்டு சென்னா, திட்டுறதுக்கு அவளுக்கு ஒரு ஆள் இரிக்கி. நேவி எண்டு சென்னா யாரத் திட்டுற? எங்களக் காப்பாத்த வந்தவனயா?" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தீர்கள்.

வீட்டில் உங்கள் தங்கை திரைக்குப் பின்னால் நின்றார். நான் கதவோரம் ஒரு கதிரையில் இருந்தேன். நீங்கள் உட்காரவேயில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னீர்கள். பொய் சொன்னதையும் சொன்னீர்கள். அழுகைச் சத்தம் வரும் என்று நினைத்தேன். வந்தது கேள்விதான்.

"அந்தத் தொர என்ன சென்னார், நானா? இனிச் சுடமாட்டாராமா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"அவர் ஒண்டும் செல்லல்ல, தங்கச்சி."

"அப்ப நாளைக்கும் போய்க் கேளுங்க. அந்தக் கடல்ல இன்னும் ஆக்கள் போறாங்கதானே?"

மறுநாள் ஹோட்டலுக்குள் வர உங்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் வந்தீர்கள். படலைக் கதவுக்கு வெளியே, வெயிலில், அதே துருக்கித் தொப்பியோடு நின்றீர்கள். ஆபீசரின் கார் வெளியே வந்தபோது கையைக் காட்டினீர்கள், அவர் நிறுத்தினார். நான் வேலையை விட்டுவிட்டுப் படியில் நின்று பார்த்தேன். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. கார் போன பிறகு ஓடிவந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கட்டள போடுறது அவர் இல்லயாம். போடுறவங்ககிட்ட இதச் செல்றாராம்" என்றீர்கள். "செல்வாரோ மாட்டாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் கேட்டுட்டேன்."

அதற்குப் பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையின் மூலையில் உட்கார்ந்து கல் விற்றீர்கள். வெள்ளைக்காரர் அங்கே வருவது அபூர்வம். வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒருநாளும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த அந்த வருஷத்தில் நீங்களும் விழுந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். தொழத் தெரியாமல் ஒதுங்கி நின்று அழுதேன்.

நானா, நான் இப்போது ஒரு காரியம் செய்கிறேன். மானேஜருக்குத் தெரிந்தால் என் கதிரையும் போய்விடும். நேவிக்காரர் யாராவது வந்து பெயரை எழுதினால், சாவியைக் கொடுப்பதற்கு முன் மரியாதையாக ஒன்று கேட்கிறேன்: "சேர், கொள்ளைக்காரர்கள் பிடித்த கப்பல் ஒன்று உங்கள் முன்னால் போனால் சுடுவீர்களா?" பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். போன மாதம் வந்த ஒரு நரைத்த மனிதர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கப்பலுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவரை உட்காரச் சொன்னேன், நானா. உங்கள் மச்சானின் பெயரிலிருந்து தொடங்கினேன்.