காரணம் எழுதும் கட்டம்

என் தையல்காரிக்கு,

பட்டறையில் மெஷின் நின்றுபோனால் நோட்டில் அதற்கென்று உள்ள கட்டத்தில் காரணத்தை எழுதிவைப்போம். நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து வீட்டு வேலைகளுக்கும் அப்படியே, முடிந்தது எது, முடியாததற்குக் காரணம் என்ன என்று எழுதுகிறேன். குழாய் ஒழுகுவது நின்றது. ஜன்னலுக்குக் கொக்கி மாட்டியாயிற்று.

நீ அனுப்பச் சொன்ன தையல் மெஷின் மட்டும் நாற்பது நாளாக இங்கேயே நிற்கிறது. காரணம்: மழை. அடுத்து, வண்டி இல்லை. அப்புறம், கட்டக் கயிறு இல்லை.

இன்று வண்டி வந்தது, கயிறும் இருந்தது. "ஏத்திரலாமா சார்?" என்றார் டிரைவர். "ஊசில நூல் கோத்தபடியே இருக்கு, வேணாம்ப்பா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

காரணக் கட்டத்தில் இன்றுதான் உண்மையை எழுதினேன்: இதையும் அனுப்பிவிட்டால், நீ வந்து எடுக்க இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

உன் மெக்கானிக்