நாம் முறை வைத்த சந்து

பாய்,

இன்று மாலை சந்து முழுக்கப் பனியன் துணி கருகும் நாற்றம். கடையில் நூல் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. முனைக் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆள் ஒருவர் கட்டிங் வேஸ்ட்டைக் குவித்துக் கொளுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். குவியலுக்கு ஒரு முழம் தள்ளி ஆளுயரத்துக்கு மூட்டைகள்.

“ஏனுங்க, கொளுத்தறதுக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலீங்களா?”

“குப்பைதானுங்ளே அண்ணா. இப்ப அணைச்சர்றனுங்க.”

அணைக்கவில்லை. நானே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். நாலைந்து ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன, ஒன்றும் இறங்கி வரவில்லை. நனைந்த பஞ்சுப் புகை எப்படித் தொண்டையைப் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பஞ்சை வாங்கி விற்றுத்தான் நீங்கள் பிழைத்தீர்கள். உடுமலைப்பேட்டையில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து உங்களோடு பேச எனக்கு நிறைய இருக்கிறது. அதில் பாதி சண்டை. இன்றைக்கு அதைப் போட்டுவிடுகிறேன்.

நம் சந்துக்கு ஒரே வாய்தான். அந்த வாயில் பெரிய முனைக் கம்பெனி, முட்டிநிற்கும் கடைசியில் உங்கள் வீடு. இடையில் முன்னறையில் நிட்டிங் மிஷின், பின்னறையில் குடும்பம் என்று வரிசையாக ஓட்டு வீடுகள். குண்டடம், மூலனூர்ப் பக்கம் மழை ஏமாற்றியதில் தோட்டத்தை விட்டுவிட்டு வந்து மிஷின் போட்டவர்கள்தான் முக்கால்வாசி. நானும் அந்தக் கூட்டத்தில் வந்து, மிஷின் சரிப்படாமல் நூல் வியாபாரத்துக்குத் தாவியவன். எந்த வீட்டிலும் வேஸ்ட் மூட்டை வைக்க இடம் கிடையாது. வீடு அவரவருடையது, சந்து யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாத இடத்தில் யாரும் மூட்டை போடலாம் என்று எல்லோரும் ஒரு மனதாக முடிவு செய்திருந்தார்கள். இந்தச் சந்து ஒரு மனதாக முடிவு செய்த ஒரே விஷயம் அதுதான்.

அந்த மூட்டைகளை எடுத்து விற்கும் நீங்களே வந்து, இனி சந்தில் மூட்டை வேண்டாம் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏனுங்க பாய், பொழப்பு கசந்து போச்சுங்களா?”

“பொழப்பு வேணுமுங்க. ஆனா பஞ்சுல தீப்புடிச்சா வெளிய தெரியாதுங்க. உள்ளுக்குள்ளயே பொகைஞ்சுட்டுக் கெடக்கும். நமக்குத் தெரியறப்ப நேரமிருக்காதுங்க.”

சொன்னதோடு நிற்காமல் உங்கள் சரக்கை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றினீர்கள். வண்டிச் செலவு உங்கள் தலையில். தன் கையை விட்டுச் செலவழித்துக்கொண்டு ஒருவன் பேசினால் அந்தப் பேச்சில் சரக்கு இருக்கிறது என்பது வியாபாரியின் கணக்கு. நான் உங்களோடு சேர்ந்தது அதனால்தான், நல்ல மனசினால் அல்ல.

உங்கள் அவசரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே ஒரு காய்ச்சல் உங்கள் மனைவியின் கால்களைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அது தங்கச்சி. ஜன்னலோரக் கட்டிலில்தான் அதன் பகலும் இரவும். சந்து வாயில் தீப்பிடித்தால் கடைசி வீட்டிலிருந்து ஒரு கட்டில் எப்படி வெளியே வரும்? நீங்கள் வேஸ்ட் எடுக்க வீடுவீடாகப் போனபோதெல்லாம் மனதுக்குள் அந்தக் கட்டிலைத் தூக்கிக்கொண்டேதான் போயிருப்பீர்கள்.

சங்கம் ஆரம்பித்தோம். நாம் ஏறி இறங்காத படி இல்லை. எந்த வாசலிலும் ஒரு வார்த்தை எதிர்ப்பு வரவில்லை. “நல்ல காரியமுங்க. நீங்க சொன்னா சரிங்க. மீட்டிங்குக்கு வந்தர்றனுங்க.” காப்பி கொடுத்தார்கள், முறுக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் ‘மாட்டேன்’ என்ற சொல் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘வந்தர்றனுங்க’ என்பதை எந்தச் சுருதியில் சொல்கிறார்கள் என்று பார்த்து மாட்டேனா, வருவேனா என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடையில் ஜமுக்காளம் விரித்துக் காத்திருந்தோம். டீக்கடையிலிருந்து பெரிய தூக்குப் போசியில் டீ வந்து இறங்கியது. ஆள் வரவில்லை. வெயில் ஜமுக்காளத்தில் பாதியைத் தாண்டியதும் நீங்கள் சொன்னீர்கள்: “டீயாவது சொன்னபடி வந்துச்சுங்களே. அதையே தலைவராப் போட்டர்லாமுங்க.”

மறுநாள் கேட்டால், “அடடா, மறந்தே போச்சுங்க! அடுத்த தடவ மொத ஆளா வந்து நிப்பனுங்க” என்றார்கள். எதிர்த்து நிற்கிறவனோடு வாதாடலாம். தலையாட்டுகிறவனோடு என்ன செய்வது? அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பாய்.

நான் ஒரு வழி சொன்னேன். “பொதுப் பாதுகாப்புன்னா ஒருத்தனும் வரமாட்டான். தங்கச்சியைச் சொல்லுங்க. நடக்க முடியாத பொம்பள கடைசி ஊட்டுல இருக்குதுன்னு சொன்னா நாளைக்கே மூட்டை நகருமுங்க.” நான் உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னேன். நீங்கள் என்னோடு கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“அவளக் காட்டி நான் பிச்சை கேக்கோணுங்களா? வழி எல்லாத்துக்குந்தானுங்க வேணும். இன்னைக்கு அவளுக்காக நகத்துவாங்க, நாளைக்கு அவ இல்லீன்னா திரும்ப அடுக்குவாங்க.”

உள்ளேயிருந்து திரைக்குப் பின்னால் தங்கச்சியின் குரல் வந்தது: “அண்ணா, உங்க சங்கத்துக்கு ஆளில்லீன்னா என்னைச் சேத்துக்கங்க. நான் மீட்டிங்குக்கு வராம எங்கயும் ஓடிர மாட்டனுங்க.” உங்களால் கோபத்தைத் தொடர முடியவில்லை. மூவரும் சிரித்தோம். பேச்சு எங்கெங்கோ போய் எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றில் வந்து நின்றது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள், வீட்டில் கல்யாணம் இருக்கும், காய்ச்சல் இருக்கும். ஆனால் தன் முறைத் தண்ணீரை எவனும் விட்டதில்லை என்று சொன்னேன்.

“அப்பறம் என்னங்கண்ணா? சந்துக்கும் முறை வெச்சுருங்க” என்றது தங்கச்சி.

வைத்தோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. முறைக்காரர் சாயங்காலம் சந்தில் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும், வழியில் கிடப்பதை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையானால் கம்பெனிகளில் மிஷின்களுக்குக் கற்பூரம் காட்டும்போது பஞ்சுத்தூசியைக் கூட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். “சாமி நல்லாக் கும்புடுங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் வெச்சுட்டுக் கும்புடுங்க” என்று நீங்கள் வீடுவீடாகச் சொன்னீர்கள். முறைக்கு அடையாளமாக ஒரு விசில். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

மீட்டிங்குக்கு வராத மனிதர்கள் முறைக்கு வந்தார்கள்! பனியன் கம்பெனி முதலாளிகள் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நடந்தார்கள். “ஏனுங்க, முறை நம்மளுதுங்க, அந்த மூட்டைய அக்கட்டால எடுங்க” என்று அதட்டினார்கள். முறை என்ற சொல்லுக்கு அவர்களின் ரத்தத்தில் பதில் இருந்தது. தங்கச்சி ஜன்னலிலிருந்து சந்து வாய் வரை பார்க்க முடிந்தது. ரோட்டில் போகும் பஸ் தெரிகிறது என்று அது சொன்ன அன்று நீங்கள் என் கடைக்கு வந்து எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தீர்கள்.

ஆனால் தண்ணீர் முறைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தனக்கு வேண்டாத நாளில் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். பங்காளிக்கு விடலாம், பழகினவருக்கு விடலாம். நம் ஆட்கள் அதையும் விடாமல் கொண்டுவந்தார்கள். சீசன் சூடுபிடித்ததும் முனைக் கம்பெனிக்காரர் வீடுவீடாகப் போய்ச் சொன்னார்: “நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? உங்க முறைய நம்மகிட்ட உட்ருங்க. நம்ம வாட்ச்மேன் பாத்துக்குவானுங்க.” இத்தனை மரியாதையாகக் கேட்கிறவருக்கு எப்படி இல்லை என்பது? விட்டுவிட்டார்கள். என் முறையையும் உங்கள் முறையையும் தவிர எல்லா முறையும் ஒரு வாட்ச்மேன் பையில் போய் விழுந்தது. சந்து வாயை அடைத்து நிற்கும் மூட்டைகள் யாருடையவை? அதே முனைக் கம்பெனியுடையவை. தன் முதலாளியின் மூட்டையை எடுக்கச் சொல்லி எந்த வாட்ச்மேன் விசில் ஊதுவான்?

நான் முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். “தப்பா நெனைச்சுக்காதீங்க, நாளைக்கே எடுத்தர்றனுங்க” என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நடுச்சந்துக் கம்பெனியில் கற்பூரத் தட்டை மிஷினுக்குக் காட்டும்போது தூசியில் தீப்பொறி விழுந்தது. பக்கத்தில் வாளி இல்லை. தீ துணி உருளைகளுக்குத் தாவிக் கூரையைப் பிடித்தது. வாட்ச்மேன் விசிலோடு டீக்கடையில் இருந்தார். தீயணைப்பு வண்டி வந்து சந்து வாயில் மூட்டைகளுக்கு முன்னால் நின்றது. குழாயைத்தான் கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அப்போது வந்தார்கள், பாய். கூப்பிட்டபோது வராத அத்தனை பேரும் கூப்பிடாமல் வந்தார்கள். நீங்கள் கதவைத் திறப்பதற்குள் தங்கச்சியைக் கட்டிலோடு தூக்கிவிட்டார்கள். எரிகிற கம்பெனியின் எதிர்ச்சுவரை ஒட்டிக்கொண்டே ஓடி, மூட்டைக் குவியலில் ஏறி, தலைக்கு மேல் கட்டிலைக் கைமாற்றி மாற்றி ரோட்டில் இறக்கினார்கள். முனைக் கம்பெனிக்காரரே கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தார். அவர் கை வெந்து போயிருந்தது. அவர்மேல் நான் கோபப்படவும் முடியாமல் போனது அதனால்தான். உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர்கள் ஒரு மூட்டையை நகர்த்தத் தயாராக இல்லை. இதை என்னவென்று சொல்வது?

யாரும் சாகவில்லை. ஒரு கம்பெனி போயிற்று. மறுநாள் மூட்டைகள் மாயமாயின. அடுத்த முகூர்த்தத்துக்குள் ஒன்று வந்தது, அதற்குத் துணையாக இன்னொன்று. அது வந்த அன்றே நீங்கள் சாமான் கட்ட ஆரம்பித்தீர்கள்.

“மூட்டைக்கு மேல எங்கூட்டுக்காரியையும் மூட்டையாட்டத் தூக்குனாங்க. அந்த நன்றிய நான் மறக்கமாட்டனுங்க. ஆனா இன்னொருக்கா தூக்க வெக்கமாட்டன்” என்றீர்கள். தங்கச்சியின் அண்ணன் இருக்கும் உடுமலைப்பேட்டைக்கு வண்டி ஏறினீர்கள். நான் வழியனுப்ப வரவில்லை. எனக்குக் கோபம். ரெண்டு பேர் இருந்த சங்கத்தில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பது சங்கமா? அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்து பார்த்தேன், தென்னந்தோப்பில் உட்கார்ந்து பேசினோம். இதை மட்டும் நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: நீங்கள் போனது சரிதான். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

இந்தச் சந்தில் நான் ஜெயிக்கவில்லை, பாய். மூட்டைகள் உயர்ந்திருக்கின்றன, மரியாதையும் குறையவில்லை. ஆனால் உங்களிடமிருந்து ஒரு கண் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாண மண்டபமோ, சினிமாக் கொட்டகையோ, எந்த ஆபீசோ, உள்ளே கால் வைத்ததும் இங்கிருந்து ஒரு கட்டில் வெளியே வருமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பல இடங்களில் வராது. அங்கெல்லாம் நான் வாசலோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். என் சம்சாரம் திட்டுகிறாள்.

போன மாதம் என் மகன் புதிதாகக் கம்பெனி கட்ட இஞ்சினியரைக் கூட்டிவந்தான். பிளானில் வாசலைப் பார்த்தேன். “இதுல கட்டில் வருங்களா?” என்று கேட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். இஞ்சினியருக்குச் சிரிப்பு.

“ஏனுங்க ஐயா, கம்பெனிக்குள்ள கட்டில்ல யாருங்க படுத்திருக்கப் போறாங்க?”

“இன்னைக்கு யாருமில்லீங்க” என்றேன். “அழிச்சுட்டு அகலமாப் போடுங்க. போட்டதுக்கப்பறந்தான் நான் எந்திரிப்பன்.”

அவர் அழித்துப் போடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.