‘பழைய’ என்ற சொல்லை அடித்தவருக்கு

அத்திம்பேர்,

இன்று காலை பத்திரிகை அலுவலகத்தில் என் மேசையில் ஒரு டெலிபிரின்டர் தாள் கிடந்தது. அயல்நாடு ஒன்றில் கால் நூற்றாண்டைத் தாண்டிய குண்டுவீச்சு விமானங்களை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப் போகிறார்களாம். அப்பா ஓட்டிய விமானத்தை மகனும் ஓட்டுவான் என்று பெருமையாக ஒரு வரி. தாளில் மையின் எண்ணெய் வாடை அடித்தது. விடுப்பில் வரும்போதெல்லாம் உங்கள் சட்டையில் இருந்த அதே வாடை.

அறுபதுகளின் நடுவில், கடற்காவலுக்குப் போன உங்கள் விமானப்படையின் நான்கு இன்ஜின் விமானம் எங்கள் ஊரான திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. மூன்றாவது இன்ஜினில் எண்ணெய்க் கசிவு. அதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது. கரமனையில் எங்கள் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த அக்காவுக்கு, எதிர்பாராமல் ஐந்து நாள் புருஷன் கிடைத்தார்.

சாப்பிடும்போது விமானத்தின் வயதைக் கேட்டேன்.

“மகாயுத்தத்துக்குக் கட்டினது. யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் கடப்பாரையால அடிச்சுப் போட்டுட்டுப் போனான், நாம எடுத்து ஓட்டிடப்படாதுன்னு. நம்ம ஆளுகள் பத்து விமானத்தைக் கழட்டி ஒண்ணைத் தேத்தினா. றெக்கை ஒண்ணோடது, வால் இன்னொண்ணோடது.”

அக்காவின் கரண்டி நின்றது. “அதுலயா போறேள்?”

“உங்காத்துத் தையல் மெஷின் மட்டும் நேத்திக்கு வாங்கினதா? ஓடலையோ?”

“தையல் மெஷின் கடலுக்கு மேல போறதில்லே.”

நீங்கள் சிரித்தீர்கள். கை கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: மறுநாள் காலை சோதனைக்குப் பறக்கப் போகிறது, நாற்பது நிமிடம். இன்ஜின் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவன் அந்த முதல் பறத்தலில் ஏறிப் போவது உங்கள் பிரிவின் வழக்கம். “அவகிட்ட மூச்சு விடாதே.”

மறுநாள் நீங்கள் கிளம்பிய பிறகு அக்கா என் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தாள். “பழவங்காடியில உடைச்சுட்டு வா. என்னமோ மனசு சரியில்லே.” நான் கோயிலுக்குப் போகவில்லை. தேங்காய்ப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு நேராகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போனேன்.

விமானம் என் தலைக்கு மேல் ஏறிக் கடலுக்குள் போனது. நான்கு விசிறிகளும் சுழன்றன, எண்ணினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. வலை காயப் போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆரைக் காத்து நிக்கிறீங்க சாரே?”

“அக்கா வீட்டுக்காரர். விமானத்துல போயிருக்கார்.”

“வள்ளத்துல போனவன் வரலேன்னா நாங்க ரெண்டு நாள் நோக்குவோம். நீங்க ஒரு மணிக்கூருக்கே பேடிச்சா எப்படி?”

பயப்படாதே என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ரெண்டு நாள் என்ற சொல்லைக் கேட்டதும் மறுபடி கடலைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் எதுவுமே இல்லை. ஒரு புள்ளி இல்லை, ஒரு சத்தம் இல்லை.

பயம் வந்தால் சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். என் கை குறிப்பேட்டைத் திறந்தது. நடக்கும் என்று தெரிந்த செய்தியை முன்கூட்டி எழுதி, விவரத்துக்கு இடம் விட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எழுதினேன்: “திருவனந்தபுரம் அருகே பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று கடலில் விழுந்தது. கரமனையில் தங்கியிருந்த ............ உள்பட ஏழு பேர்.” உங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளிகள். அதை எழுத மட்டும் கை மறுத்தது.

விமானம் கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே அது தெரிந்தது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு விசிறி மட்டும் அசையாமல் நின்றது. சைக்கிளில் ஏறி விமான நிலையத்துக்கு மிதித்தேன்.

விமான நிலைய வாசலில் நீங்கள் வெளியே வந்ததும் பையில் தேங்காயைப் பார்த்தீர்கள், அக்கா கொடுத்தனுப்பியது என்று புரிந்துவிட்டது. “தேங்காய் இன்னும் உடைக்கலையா? அப்பறம் நான் எப்படிடா இறங்கினேன்?” அதே இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்ததாம். அதை நிறுத்திவிட்டு, எரிபொருள் சுமை குறையும்வரை கடல் மேல் சுற்றினீர்களாம்.

மாற்ற வேண்டிய வளையத்தின் அளவைக் குறிக்க என் குறிப்பேட்டை வாங்கினீர்கள். பக்கம் புரண்டது. நான் பறிப்பதற்குள் படித்துவிட்டீர்கள். காதில் இருந்த பென்சிலை எடுத்து ‘ஏழு’ என்பதை அடித்து ‘எட்டு’ என்று எழுதினீர்கள். “ஒருத்தனை விட்டுட்டே. அவனுக்கும் ஆம்படையா இருக்கா.” பிறகு ‘பழைய’ என்ற சொல்லையும் அடித்தீர்கள். கோடு நேராக விழவில்லை.

“பழசுங்கறதால இது விழாது. நான் எதையாவது பாக்காம விட்டாத்தான் விழும். கையெழுத்து என்னோடது.”

“பயமா இல்லையா?”

“ஒவ்வொரு கையெழுத்துக்கும் வயித்தைக் கலக்கும். அது நின்னுபோனா வேலையை விட்டுடணும்.”

திரும்பும் வழியில் பழவங்காடியில் தேங்காயை நீங்களே உடைத்தீர்கள். அக்காவிடம் நான் உடைத்ததாகச் சொன்னோம். அவள் நம்பினாளா என்று இதுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

அந்த விமானம் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பறந்தது. அது ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். போன வருஷம் கரமனை வீட்டில், கட்டிலில், அக்காவின் கை உங்கள் நெற்றியில் இருக்கும்போது போனீர்கள். பத்திரிகைக்கு நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயர் வரும் இடத்தில் என் கை மறுபடியும் புள்ளி வைத்தது.

இன்றைய செய்திக்கு உதவி ஆசிரியர் “பழைய விமானம், புதிய ஆயுள்” என்று தலைப்புப் போட்டிருந்தார். முதல் சொல்லை அடித்தேன். எத்தனை குண்டு சுமக்கும், எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் செய்தியில் இருக்கிறது. யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று இல்லை. முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சாயங்காலம் மேலே ஒரு சத்தம். ஜன்னலுக்குப் போனேன். மாலை விமானம் கடல் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இப்போதைய விமானங்களுக்கு இரண்டே இன்ஜின்தான், எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்தேன். அது தரை தொட்டிருக்கும் என்று தெரிந்த பிறகும், மீதி இரண்டுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.