ஒரே உறையில் இரண்டு விடைத்தாள்

மாப்ள,

இன்று காலை ஒரு பதிவுத் தபால் அனுப்பப் போயிருந்தேன். தபால் ஆபீஸ் மேஜையில் இன்னமும் கோந்து டப்பா வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை. விரலில் கோந்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற ஓர் அம்மா, "ஒட்டுங்கய்யா, நேரமாகுதுல்ல" என்று அதட்டினார்.

எண்பதுகளின் தொடக்கம். கப்பலூரில் அந்த பைப் கம்பெனி. நான் பேரையூரிலிருந்து பஸ் ஏறி வரும் கணக்கு கிளார்க். நீ மதுரையிலிருந்து வரும் ஸ்டோர் கீப்பர். மேனேஜர் ஓய்வுபெறும் நேரம். "ரெண்டு பேர்ல யாரு நிதி மேலாண்மை படிச்சுப் பாஸ் பண்றீகளோ, அவுகளுக்குத்தான் அந்த நாற்காலி" என்றார் முதலாளி. நாம் முறைத்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டும். நீயோ மறுநாளே அஞ்சல் வழிப் படிப்புக்கு இரண்டு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய்.

எங்கள் ஊரில் தபால் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது, உன் வீட்டில் அம்மா இருப்பார் என்பதால், என் பாடக் கட்டுகளும் உன் வீட்டு விலாசத்துக்கே வந்தன. சாப்பாட்டு நேரத்தில் படித்தோம். நடைமுறை மூலதனம் என்ற பாடத்தை மூன்று தடவை படித்தும் எனக்கு ஏறவில்லை. நீ உன் தயிர்சாத டப்பாவைக் காட்டினாய். "பூராத் தயிரையும் இன்னைக்கே தின்னுட்டா, நாளைக்குப் பாலை எதை ஊத்தி உறைய வைப்ப? அந்த உறைமோர்தான் மாப்ள இது. இம்புட்டுத்தான்." நியாயமாகப் பார்த்தால் நாற்காலி உனக்குரியது. அது எனக்கு அன்றே தெரியும்.

பிறகு செலவுக் குறைப்புப் பாடம் வந்தது. அதைப் படித்துவிட்டு எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "எதுக்கு ரெண்டு கவரு, ரெண்டு ஸ்டாம்பு? வீட்டுப்பாடத்தை ஒண்ணா வச்சு அனுப்பிருவோம்" என்றேன். ஒரே மேல்தாள், அதில் முதலில் என் பதிவு எண், கீழே உன்னுடையது. அனுப்ப வேண்டிய விடைத்தாள் மொத்தம் நான்கு. நான்கு முறையும் கோந்து தடவி ஒட்டியவன் நான்தான். திருத்திய தாள்கள் மதிப்பெண்ணோடு சேர்ந்தே திரும்பியதால் சந்தேகம் எழவில்லை. ஆனால் படிப்பு நடத்திய ஆபீசின் பதிவேட்டில் மேலே இருந்த எண்ணை மட்டும் பதிந்திருக்கிறார்கள். எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. நீ ஒரு விடைத்தாளும் அனுப்பவில்லை, அடுத்த வருஷம் பரீட்சை எழுதலாம் என்று உனக்கு ஒரு கார்டு வந்தது. இருவரும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கார்டு வந்த அன்று உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ உன் அம்மாவிடம் உங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னாய். அவர் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நாலு ஸ்டாம்பு மிச்சம் புடிச்ச நிதி மந்திரி வந்திருக்காரு, காப்பி குடுன்னேன்."

நான் பாஸானேன், மேனேஜர் ஆனேன். மறுவருஷம் நீ என்னைவிட நிறைய மதிப்பெண் வாங்கி, வேறொரு மில்லில் மேனேஜர் ஆனாய். நம் இருவருக்கும் குறை என்று எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். என் பரீட்சை முடிவு வந்த அன்று முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கூட்டாளிக்காக ஒரு வருஷம் பொறுக்கலாமா? நீயே சொல்லு" என்று கேட்டார். பொறுத்தால் நீ முந்திவிடுவாய். "வேணாம் சார்" என்றேன். குற்றம் என்னுடையது என்றுகூட அவரிடம் சொல்லவில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, உன் மகள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் நீ உட்கார்ந்திருந்தபோது, மனசு கேட்காமல் அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ பாதியிலேயே மறித்தாய். "அன்னைக்குச் சாயங்காலமே முதலாளி சொல்லிட்டாரு மாப்ள. பாயசம் வருது, இலையைப் பாரு."

அப்படியென்றால், தெரிந்துகொண்டேதான் எனக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறாய். தெரிந்துகொண்டேதான் என் அப்பா இறந்தபோது பேரையூரில் மூன்று நாள் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. பாயசத்தையும் விடவில்லை.

இப்போதெல்லாம் யாராவது எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று ஆத்திரம் வரும்போது, "இலையைப் பாரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நேரம் பலிக்கிறது, மாப்ள.